சம்பாவும் அளமும்

எங்கள் ஆபீஸில் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வினாடி வினா நடக்கும். நடத்துவது நான். சம்பளம் வந்து விழும் சமயம் என்பதால் முதல் கேள்வியை அதற்குத் தோதாக வைத்திருந்தேன். 'சேலரி' என்கிற சொல் எந்தச் சமையலறைப் பொருளிலிருந்து வந்தது? பாதிப் பேருக்கு விடை தெரியும். உப்பு. ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் கூலியாக அளந்தார்கள். லத்தீனில் உப்புக்கு 'சால்', அதிலிருந்து 'சலாரியம்', அதிலிருந்து சேலரி. சத்தம் அடங்கியதும் நான் இரண்டாவது வெடியைக் கொளுத்துவேன். "தமிழ்லயும் இதே கதைதான், தெரியுமா? சம்பான்னா நெல்லு, அளம்னா உப்பு. நெல்லும் உப்பும்தான் கூலி. சம்பா, அளம், சம்பளம்!"

"அட!" என்பார்கள். அந்த ஒரு "அட"வுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

இந்தக் கதையில் முன்பாதியும் சந்தேகம், பின்பாதியும் சந்தேகம் என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. ஆனால் அதில் முதல் ஓட்டையைப் போட்டது எந்த மொழியியல் அறிஞரும் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு வாரிய என் பெரியம்மா.

நான் கிளியனூர்க்காரி. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். மயிலாடுதுறைப் பக்கமும் ஒரு கிளியனூர் இருப்பதால் "அந்தக் கிளியனூரா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லை. எங்கள் ஊரில் கடல் கிடையாது. கிழக்கே போனால் மரக்காணம், அதை ஒட்டிய கிராமம் அம்மாவின் பிறந்த ஊர். அம்மா கல்யாணமாகி மேற்கே வந்துவிட்டாள். பெரியம்மா அங்கேயே அளத்தில் நின்றுவிட்டாள்.

சின்ன வயதில் எனக்கு ஒரு துணுக்கு நோட்டு இருந்தது. சிறுவர்மலரில் வந்தது, டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் வந்தது, வாத்தியார் போகிற போக்கில் சொன்னது, எல்லாவற்றையும் எழுதி நம்பர் போட்டு வைப்பேன். எதற்கும் ஆதாரம் கேட்கிற பழக்கம் அப்போது இல்லை. காகிதத்தில் எண்ணெய் படிந்திருந்தாலும் அச்சில் இருந்தால் அது உண்மை. சம்பளம் பற்றிய துணுக்கு ஒன்பதாம் வகுப்பில் கிடைத்தது. அந்த வருஷம் பேச்சுப்போட்டித் தலைப்பு உழைப்பு சம்பந்தமானது. சம்பாவையும் அளத்தையும் முதல் வரியிலேயே போட்டு உடைத்தேன். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அந்த மே மாதம் லீவுக்குப் போனபோது டிபன் பாக்ஸைப் பெரியம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். அவளுடைய பழைய தூக்குவாளிக்கு மூடி சரியாக நிற்காது.

"இன்னா பேசினன்னு குடுத்தாங்கோ இத?"

சொன்னேன். மேடையில் சொன்ன மாதிரியே, கையை நீட்டி, குரலை ஏற்றி.

"அளம்னா உப்புன்னு யாரு சொன்னது உனக்கு? அளம்னா அளம். உப்பு விளையற எடம்."

"புக்ல போட்டிருக்கு பெரியம்மா."

"அப்ப அந்தக் காலத்துல வேலை செஞ்சவனுக்கு நெல்லும் அளந்து, அளத்தையும் எழுதிக் குடுத்துட்டாங்களா? நாந்தான் லேட்டா பொறந்துட்டன் போல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அகராதியைப் பார்த்தால் அளம் என்பதற்கு உப்பளம், உவர்மண் என்றெல்லாம் பொருள் வரும். உப்பு என்று இழுத்துப் பொருள் கொள்பவர்களும் உண்டு. ஆனால் வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்குள் நின்றவளுக்கு அது இடத்தின் பெயர், சரக்கின் பெயர் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் அப்போது நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. பரிசு வாங்கிய துணுக்கை யார் அடிப்பார்கள்?

*

பள்ளிக்கூட லீவும் உப்பின் உச்சக் காலமும் ஒன்று. வருஷப் பிறப்புக்குப் பிறகு சேறெடுத்து, பாத்தி மிதித்து, வரப்பு கட்டி நிலத்தைத் தயார் செய்வார்கள். கழித்தண்ணியைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றி, அங்கே இன்னும் சுண்டி, கடைசியில் உப்புப் பாத்திக்கு வரும். எல்லாம் 'டிகிரி' கணக்கு. கடல் தண்ணி மூன்று டிகிரி சொச்சம். இருபத்தைந்தைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். இருபத்தொன்பது, முப்பதுக்குப் போகவிட்டால் மக்னீசிய உப்புகள் இறங்கிக் கசந்துபோகும், அதற்குள் மிச்சத் தண்ணியை வடித்துவிட வேண்டும்.

நான் ரொம்ப நாள் அது வெயிலின் டிகிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அந்துவான் போமே என்கிற பிரெஞ்சுக்கார மருந்தியலாளர் 1768-இல் திரவங்களின் அடர்த்தியை அளக்க உண்டாக்கிய அளவு அது. உப்புக் கரைசலை வைத்துத்தான் அவர் அந்தக் கோட்டையே போட்டார். பாரீஸில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் பெயர் தெரியாமலே அவருடைய அளவு உப்பளங்களில் புழங்குகிறது. கண்ணாடி மானி மேஸ்திரியிடம் இருக்கும். பெரியம்மா காலை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள், "நாளைக்கு வாரலாம்" என்று. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நீளக் காம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஒரு வேலை. அதை அன்னக்கூடையில் அள்ளித் தலையில் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது இன்னொரு வேலை. பெண்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது. கூடையிலிருந்து சொட்டும் தண்ணி கழுத்து வழியாக இறங்கி முதுகில் காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாது. கண் கூசி, கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும். போட்டோ எடுக்க வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குச் சங்கடமான பகுதி இது.

குஜராத்தில் கட்ச்சின் சிறு ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்களைப் பற்றி ஒரு செய்தி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். உப்பு ஊறி இறுகிப்போனதால் அவர்கள் இறந்தபின் சிதையில் பாதங்கள் மட்டும் எரிவதில்லை, அவற்றைத் தனியே எடுத்துப் புதைப்பார்கள் என்று. நான் அதை வினாடி வினாவில் கேள்வியாகவே வைத்தேன். 'இந்தத் தொழில் செய்பவர்களின் உடலில் எந்தப் பகுதி தீயில் வேகாது என்று சொல்லப்படுகிறது?' அன்றைக்குக் கிடைத்த "அட" ரொம்பப் பெரியது. ஒரு பெண் வாயில் கைவைத்துக்கொண்டாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து பாதத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்புகளில் விரலால் அழுத்தி அழுத்தி. அது எனக்குப் புதுக் காட்சி இல்லை, பிறந்ததிலிருந்து பார்ப்பது. ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியின் விடை யாருடைய கால் என்று தோன்றியது. நான் குஜராத் என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. மற்ற கேள்விகளைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

*

என் உப்புக் கேள்விகளில் ஒரு படக்கேள்வியும் உண்டு. அமெரிக்காவின் மார்ட்டன் உப்பு டப்பாவில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி குடை பிடித்து மழையில் நடப்பாள். இடுக்கிய டப்பாவிலிருந்து உப்பு பின்னால் கொட்டிக்கொண்டே வரும். 1914-இல் வந்த விளம்பரம். அதற்கு முன்பெல்லாம் ஈரக்காற்று பட்டால் உப்பு கட்டிக்கொள்ளும். அதில் மக்னீசியம் கார்பனேட் சேர்த்து, மழைக்காலத்திலும் கட்டாமல் கொட்டும் உப்பைத் தயாரித்தார்கள். 'கஷ்டம் வந்தால் மொத்தமாகத்தான் வரும்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் மழையை வைத்து ஒரு பழமொழி உண்டு. அதையே திருப்பிப் போட்டு, 'மழை பெய்தால் இது கொட்டும்' என்று பெருமையாக்கினார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்தச் சிறுமி நடந்துகொண்டிருக்கிறாள்.

போனில் அந்தப் படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன்.

"மழையில உப்ப எடுத்துகினு எதுக்கு வெளிய போவுது அந்தப் பொண்ணு? யாரும் சொல்றதுக்கு இல்லியா வூட்ல?"

மரக்காணத்தில் மழை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். கோடை மழை ஒன்று அடித்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும், தண்ணியின் டிகிரி இறங்கிவிடும், முதலிலிருந்து சுண்ட வேண்டும். வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு அளமே ஏரி. மேட்டில் குவித்ததைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிக் காப்பாற்றலாம், பாத்தியை ஒன்றும் செய்ய முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது, அளம் எது கழி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்தது.

அந்த மூன்று மாதத்தைத் தாண்டுவதற்கு ஒரே வழி முன்பணம். முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ வாங்கிக்கொள்வது, சீசனில் வேலை செய்து கழிப்பது. பெரியம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அவளுக்கு எழுத வராது, கோடு போடுவாள். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. முன்பணத்துக்கு எங்களில் யாராவது தொகையை எழுதிக் கொடுப்போம். நானே எழுதியிருக்கிறேன், அழகான கையெழுத்தில், அடிக்கோடிட்டு. ஒரு நோட்டில் என் துணுக்குகள், இன்னொரு நோட்டில் அவளுடைய கோடுகள், இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. எத்தனை வருஷம் எடுத்து வைத்திருப்பேன். ஒருநாளாவது அவளுடைய கோடுகளைக் கூட்டிப் பார்த்து, கழித்தது சரியா என்று கணக்குப் போட்டதில்லை. கணக்கு மேஸ்திரி சொல்வதுதான். ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி என்பதும் அவர் சொல்வதுதான்.

2022-இல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் தர ஆரம்பித்தது. அதே சமயம் அரசின் உப்புக் கழகம் 'நெய்தல்' என்று ஒரு உப்பு பிராண்டையும் இறக்கியது. பெயர் வைத்தவர்கள் சங்க இலக்கியம் படித்தவர்கள். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். அதன் உரிப்பொருள் இரங்கல். உப்பு பாக்கெட்டுக்கு இவ்வளவு பொருத்தமான பெயரை அவர்கள் தெரிந்து வைத்தார்களா தெரியாமல் வைத்தார்களா என்று அப்போது நான் யோசித்தேன். பெரியம்மா, அந்த ஐயாயிரம் எந்த மாசம் வரும் என்று யோசித்தாள்.

*

சம்பளக் கதைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் "ரோமன் சோல்ஜருக்கு உப்பு கொடுத்தாங்கன்னு எதுல இருக்கு?" என்று கேட்டான். சண்டைக்கு இல்லை, நிஜமான ஆர்வத்தில். "எல்லா எடத்துலயும் இருக்கு" என்றேன். வீட்டுக்குப் போய்த் தேடினேன். எல்லா இடத்திலும் இருந்தது, அதுதான் பிரச்சினை. எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது.

பழைய ஆளாகக் கிடைத்தவர் மூத்த பிளினி, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போனவர். தன்னுடைய 'இயற்கை வரலாறு' நூலின் 31-ஆம் புத்தகத்தில் உப்பைப் புகழ்ந்துகொண்டே போகிறார். கௌரவங்களிலும் படைச்சேவையிலும்கூட உப்புக்கு இடமுண்டு, 'சலாரியம்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்கிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான். கூலிக்குப் பதில் உப்பை அளந்ததாக அவரும் சொல்லவில்லை. பண்டைய எழுத்து வேறு எதிலும் அப்படி இல்லை. சொல் உப்போடு சொந்தமுள்ளது என்பதில் சந்தேகமில்லை. எப்படிச் சொந்தம் என்பதில்தான். உப்பு வாங்கக் கொடுத்த பணம் என்பது பிற்கால லத்தீன் அகராதிக்காரர்களின் ஊகம். ஊகம் பிறகு செய்தியாயிற்று, செய்தி துணுக்காயிற்று, துணுக்கு எனக்கு டிபன் பாக்ஸ் ஆயிற்று. ரோமானிய வீரன் வாங்கியது காசு. அகஸ்டஸ் காலத்தில் வருஷத்துக்கு 225 தெனாரியஸ் வெள்ளிக்காசு. அதன் பெயரும் சலாரியம் இல்லை, 'ஸ்டிபென்டியம்'. ஆராய்ச்சி மாணவர்கள் வருமா வராதா என்று காத்திருக்கும் ஸ்டைபெண்ட் இருக்கிறதே, அது.

இங்கே ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. பிளினி இருந்த அதே முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரியக் கடல் வழிநூல்' நம் கடற்கரையில் கமாரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே என்பது அரிக்கமேடு, 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டி இத்தாலியப் பானை ஓடுகளை எடுத்த இடம். சோபட்மா மரக்காணம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள். அதாவது பிளினி அந்த ஒற்றை வரியை எழுதிய காலத்தில் அவருடைய ஆட்களின் கப்பல் சரக்கு எங்கள் அளத்துக் கரையில் இறங்கியிருக்கலாம். இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு ரோமிலிருந்து போகிறதே என்று புலம்பியவரும் இதே பிளினிதான். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் போன காசு அது. உப்புக்கு யாரும் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்கள்.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொன்று இருக்கிறது, அதை விட மனசு வரவில்லை. எயிற்பட்டினம் போகும் வழியைச் சொல்லுமுன் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டி வரிசை வருகிறது. கூடவே பிள்ளை போல வளர்த்த ஒரு குரங்கும். கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உமணக் குழந்தைகளோடு சேர்ந்து அது 'கிலுகிலி' ஆட்டுகிறது. குழந்தை கையில் நாம் கொடுக்கும் கிலுகிலுப்பைதான். நல்லூர் நத்தத்தனார் எழுதியது. இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின். பெரியம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கிலுகிலுப்பை விற்கிற சைக்கிள்காரர் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரங்கு ஞாபகம் வரும்.

உமணர்கள் உப்பையும் நெல்லையும் சரிக்குச் சரி மாற்றியது அகநானூற்றில் இருக்கிறது, தெருவில் கூவி விற்கும் பெண்ணோடு. ஆக, நெல்லும் உப்பும் சேர்ந்த கதை முழுப் பொய்யில்லை. ஆனால் அது கூலி இல்லை, வியாபாரம். உப்பைக் கொடுத்தவள் நெல்லை வாங்கினாள். உப்பு வாரியவளுக்கு என்ன கிடைத்தது என்று அந்தப் பாட்டில் இல்லை.

சம்பளம் என்கிற சொல்? கன்னடத்திலும் 'சம்பள', மலையாளத்திலும் 'சம்பளம்'. பாலியிலும் சமஸ்கிருதத்திலும் 'சம்பல' என்றொரு பழைய சொல் இருக்கிறது. அதன் பொருள் வழிச்செலவுக்கான உணவு. கட்டுச்சோறு! தொலைதூரம் போகிறவனுக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு, பிறகு வழிச்செலவு, பிறகு படி, பிறகு கூலி. சம்பாவையும் அளத்தையும் ஒட்டுப்போடுவதைவிட இந்த வழி நேராக இருக்கிறது, மூன்று மொழிகளும் சாட்சிக்கு நிற்கின்றன. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. தமிழ்ச் சொல்லே என்று வாதிடுபவர்களுக்கும் எனக்கும் சண்டை ஒன்றுமில்லை. அளம் என்றால் உப்பு என்று மட்டும் பெரியம்மா எதிரில் சொல்லிவிடாதீர்கள்.

கூலியாகத் தானியத்தையே அளந்த கதை வேண்டுமென்றால் ரோமுக்குப் போகவே வேண்டாம். பெரியம்மா வேலை செய்த அளத்துக்குப் பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வந்து மரக்காணத்துக் கழியில் முடிகிற கால்வாய். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டைத் தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய மெட்ராஸ் கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரில்தான் கால்வாய். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு 'டெம்பிள் கூலி' என்று ஒன்று நிர்ணயித்தார்கள். முதலில் படித்தபோது ஏதோ கோயில் சம்பந்தமானது என்று நினைத்தேன். டெம்பிள் என்பது ஆள், சர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு ஆணுக்கு நாளெல்லாம் மண் வெட்டினால் ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூட ஒரு அணா. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று வேலை செய்கிறவன் சாவான் என்று எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டாவது கொடுங்கள், பருப்பும் காயும் சேருங்கள் என்றார். சில வாரத்தில் ஒன்றேகால் பவுண்டாக ஏற்றினார்கள். அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்துப்போனார்கள். சம்பளத்துக்கு நெல் என்பது இப்படித்தான் இருக்கும், எடை போட்டு.

இதை வினாடி வினாவில் வைத்துப் பார்த்தேன். யாரும் "அட" என்று சொல்லவில்லை. "சீரியஸா இருக்கே" என்றார்கள். அடுத்த கேள்விக்குப் போனேன், சினிமா. 'உன் உப்பைத் தின்றவன்' என்று இந்தி சினிமா அடியாட்கள் உருகுவார்களே, ஷோலேவில் கப்பர் சிங்கிடம் காலியா சொல்வது போல. அந்த விசுவாசத்தின் பெயரிலேயே 1982-இல் அமிதாப்பின் 'நமக் ஹலால்' வந்தது. அதைத் தமிழில் எடுத்தபோது 1987-இல் ரஜினியின் 'வேலைக்காரன்' ஆயிற்று. உப்பு போய் வேலை வந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்கும் பழமொழி இருக்கிறது, ஆனால் தலைப்பில் வைக்கவில்லை. அதே 1987-இல் விஜயகாந்துக்குக் 'கூலிக்காரன்'. 2025-இல் ரஜினிக்கே 'கூலி'. இதில்தான் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். தமிழில் கூலி என்பது காசு. அதை வாங்குகிறவன் கூலிக்காரன், கூலியாள். அந்தச் சொல்லோ குஜராத்தின் கோலி இனப் பெயரோ, எதுவென்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், ஆங்கிலத்துக்குப் போய் மனிதனையே குறிக்கும் பெயராகிவிட்டது. மலேயாவுக்கும் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் கப்பலேற்றிய ஆட்கள் எல்லாம் 'கூலி'கள். வாங்குகிற காசே ஆளாகிவிட்டான். பிறகு இந்தி வழியாகச் சுற்றி, அந்த அர்த்தத்தோடு போஸ்டரில் ஏறித் திரும்ப வந்திருக்கிறது.

பெரியம்மா தன்னுடையதைச் சம்பளம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "கூலி குடுத்துட்டாங்கோ" என்பாள். சம்பளம் என்னுடையதற்குத்தான். "பாப்பாவுக்குச் சம்பளம் போட்டாச்சா?"

*

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பெரியம்மா அளத்துக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது, மூட்டு வலி. கண்ணும் சரியில்லை, வெயிலில் எதைப் பார்த்தாலும் நீர் கட்டுகிறது. அண்ணி போகிறாள், பெரியம்மாவின் மருமகள். அந்த டிபன் பாக்ஸும் அவளோடு போகிறது. ஓரம் நசுங்கி, பள்ளிக்கூடத்தின் பெயர் தேய்ந்து, ஆனால் மூடி இன்னும் இறுக்கமாகத்தான் மூடுகிறது.

"இந்தத் தடவை இன்னா புதுசா கண்டுபிடிச்சுகினு வந்திருக்க?" என்றாள் பெரியம்மா.

சம்பள விஷயத்தில் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. அளத்தை எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டதைச் சொன்னதும் சிரித்தாள், வேறு யாரோ சொன்ன ஜோக்கைக் கேட்பது மாதிரி. பிறகு கட்டுச்சோற்றுக் கதையைச் சொன்னேன். இந்த முறை கையை நீட்டாமல், குரலை ஏற்றாமல். தூரப் பயணம் போகிறவனுக்குக் கட்டிக் கொடுக்கிற சோறு, அதுதான் நாளாவட்டத்தில் சம்பளம் என்று.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சோத்த நாமதான கட்டிகினு போறோம்? அவனா குடுக்கறான்?"

என்னிடம் பதில் இல்லை. அண்ணி உள்ளேயிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மழைக்கு வாங்கிய முன்பணத்தில் மேஸ்திரி எவ்வளவு கழித்திருக்கிறார், எவ்வளவு பாக்கி என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். திண்ணையில் உட்கார்ந்து கோடுகளை எண்ண ஆரம்பித்தேன். போன சீசன் மட்டும் 143 நாள் வந்தது. மேஸ்திரி கணக்கில் 131. திரும்ப ஒருமுறை எண்ணினேன்.